சூரியனை அச்சடிப்பது யாருக்காக?

படூர் டீக்கடையில் ஒரு நாள் மாலை ஒரு விவாதம் நடந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வடக்கே சிறுசேரியின் கண்ணாடி மாளிகைகளில் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாலிடெக்னிக் வாலிபன் ஒருவன் தன் கைபேசியில் படித்த செய்தியைச் சொன்னான்.

"சூரிய வெளிச்சத்துல கரண்ட் எடுக்குற தகட்டை இனிமே நியூஸ் பேப்பர் மாதிரி அச்சடிச்சுத் தள்ளப் போறாங்களாம் தாத்தா. அந்த மை எப்படிக் காயுதுன்னு நொடிக்கு நொடி எக்ஸ்ரே வெச்சுப் பாக்குறாங்களாம்."

பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார். கேளம்பாக்கம் உப்பளத்தில் ஆயுளில் பாதியைக் கழித்தவர் அவர். "மை காயறத வேடிக்கை பாக்க எக்ஸ்ரேவா தம்பி? அதுக்கு சம்பளம் வேற தராங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் டீயைக் குடித்து முடித்ததும் அந்தப் பெரியவரே சொன்னார்: "சிரிக்கக் கூடாதுப்பா. எங்க பாத்திலயும் அதேதான். தண்ணி வத்துற நேரத்துல கண்ண எடுத்தா உப்பு போச்சு."

தோழர்களே! பெரிய பெரிய புத்தகங்கள் சொல்ல வேண்டியதை அந்த உப்பளத் தொழிலாளி ஒரே வரியில் சொல்லிவிட்டார். அதை விரித்துச் சொல்வதும், அதிலிருந்து எழும் அரசியல் கேள்வியைக் கேட்பதுமே இந்தக் கட்டுரையின் வேலை.

உப்பளம் சொல்லும் பாடம்

பாத்தியில் உப்பு நீரைப் பாய்ச்சிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் உப்பு விளையாது. வெயிலில் நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்புப் பொருளும் ஜிப்சமும் படியும். பிறகுதான் உப்பு விளையும். அதையும் தாண்டி வற்றவிட்டால் மிஞ்சிய கசப்பு நீரின் மக்னீசிய உப்புகள் சேர்ந்து நல்ல உப்பையும் கெடுத்துவிடும். எந்த நேரத்தில் நீரை அடுத்த பாத்திக்குத் திறப்பது, எந்த நேரத்தில் கசப்பு நீரை வடிப்பது என்பதில்தான் விளைச்சல் இருக்கிறது. கரைந்து கிடந்த பொருள் கெட்டிப்படும் அந்த நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அச்சடிக்கும் சூரியத் தகடும் இதேதான். உப்பளத்தில் பல நாட்கள் நடப்பது இங்கே சில நொடிகளில் அல்லது சில நிமிடங்களில் நடந்துவிடுகிறது. அவ்வளவுதான் வேற்றுமை!

இன்று வீட்டு மாடிகளில் நாம் பார்க்கும் நீலத் தகடு சிலிக்கனால் ஆனது. சிலிக்கனை உருக்க 1,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதற்கு ராட்சச உலைகள் வேண்டும். புதிய தகடு வேறு ஜாதி. இரண்டு கரிமப் பொருள்களை ஒரு திரவத்தில் கரைத்து மையாக்குகிறார்கள். ஒன்று, ஒளி பட்டதும் மின்துகளைக் கொடுக்கும் பொருள். மற்றது, அதை வாங்கிக்கொள்ளும் பொருள். இந்த மையை ஒரு மெல்லிய பிளவின் வழியே, ஓடிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சுருளின் மேல் சீராக வழியவிடுகிறார்கள். திரவம் ஆவியாகிறது. ஒரு படலம் மிஞ்சுகிறது. ஒரு தலைமயிரின் கனத்தில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இராத படலம் அது!

மில் தோழர்களுக்கு இது புரியும். பாவு நூலுக்குக் கஞ்சி போடும்போது கஞ்சி அதிகம் காய்ந்தால் நூல் முறியும். சரியாகக் காயாவிட்டால் நூலோடு நூல் ஒட்டும். காய்கிற பதத்தில்தான் துணியின் தலையெழுத்து இருக்கிறது.

மை காயும் நேரம்

அந்தப் படலத்துக்குள் இரண்டு பொருள்களும் எப்படிக் கலந்து நிற்கின்றன என்பதுதான் முக்கியம். ஒளி பட்டதும் கொடுக்கும் பொருளில் பிறக்கும் சக்தி, ஒரு மீட்டரைப் பத்துக் கோடிப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்குத் தூரம்தான் நகரும். அதற்குள் வாங்கும் பொருளை எட்டிவிட வேண்டும். எட்டாவிட்டால் வழியிலேயே மடிந்துவிடும். ஆகவே இரண்டு பொருள்களும் பெரிய பெரிய கட்டிகளாகப் பிரிந்துவிடக் கூடாது. அதே சமயம் மாவும் தண்ணீரும் போல ஒரேயடியாகக் கரைந்தும் போகக் கூடாது. அப்படிப் போனால், பிரிந்த மின்சாரம் வெளியே வர வழியிராது. ஒன்றுக்குள் ஒன்று விரல் கோத்தாற்போல நிற்க வேண்டும்.

அந்தக் கோப்பு, மை காயும்போதே அமைகிறது. காய்ந்த பிறகு திருத்த முடியாது. ஆராய்ச்சிக்கூடத்தில் விரல் நகமளவு துண்டில் நன்றாக வந்த படலம், தொழிற்சாலையின் ஓடும் சுருளில் அச்சடித்தால் கெட்டுப்போகிறது. ஏன்? பழைய முறையில் காய்ந்து முடிந்த படலத்தை அறுத்துப் பார்த்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்ப்பது போல! செத்த காரணம் கொஞ்சம் தெரியும். எந்த நிமிஷத்தில் நோய் கண்டது என்று தெரியாது.

ஆகவேதான் விஞ்ஞானிகள் மை காயும் இடத்துக்கே எக்ஸ்ரே கதிரைக் கொண்டுவந்தார்கள். அச்சடிக்கும் கருவியைக் கதிரின் பாதையிலேயே வைத்து, ஈரப் படலத்தின் மேல் மிகச் சாய்வான கோணத்தில் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். கதிர் சிதறும் விதத்தை ஒரு நொடிக்குள்ளேயே பல படங்களாக எடுக்கிறார்கள். முதலில் திரவம் குறைகிறது. பிறகு மூலக்கூறுகள் கூட்டம் கூடுகின்றன. பிறகு படிகம் தோன்றுகிறது. கடைசித் துளித் திரவமும் போனதும் எல்லாம் உறைகிறது. எந்தச் சூட்டில், எந்த வேகத்தில், எந்தத் திரவத்தில் நல்ல கோப்பு அமைகிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடுகிறது.

இதற்குச் சாதாரண ஆஸ்பத்திரி எக்ஸ்ரே போதாது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பெட்ரா-3 என்று ஒரு யந்திரம் இருக்கிறது. அதன் வட்டம் மட்டும் 2.3 கிலோமீட்டர்! மின்துகள்களை அதில் சுழலவிட்டு அபாரமான எக்ஸ்ரேயை உண்டாக்குகிறார்கள். அங்கே இந்த அச்சுப் பரிசோதனைகள் நடந்திருக்கின்றன. நம் நாட்டு விஞ்ஞானிகள் அந்த யந்திரத்தைப் பயன்படுத்த இந்திய சர்க்காரும் ஒப்பந்தம் செய்து பணம் கொடுத்திருக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இண்டஸ்-2 என்ற யந்திரம் நம் இந்தூர் நகரிலேயே, அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது.

கவனியுங்கள் தோழர்களே! ஹாம்பர்க் யந்திரமும் இந்தூர் யந்திரமும் எந்த முதலாளியின் பணத்திலும் கட்டப்பட்டவை அல்ல. மக்களின் வரிப்பணம்! தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் நீங்கள் கொடுத்த வரி அதில் இருக்கிறது.

ஓட்டு வீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"இதெல்லாம் படித்தவன் விவகாரம், நமக்கென்ன?" என்று விவசாயத் தொழிலாளி கேட்கலாம். கேட்கட்டும். பதில் இருக்கிறது.

2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஆரவாரமாக ஒரு திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்சாரம். 75,021 கோடி ரூபாய் செலவு. ஒரு வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். நல்லது! ஆனால் விதியைப் படியுங்கள். சொந்த வீடு வேண்டும். தகடு பொருத்தத் தகுந்த கூரை வேண்டும். கண்ணாடி போட்ட சிலிக்கன் தகடு சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். அதைக் கான்கிரீட் மாடி தாங்கும். ஓலைக் கூரை தாங்குமா? சிமெண்டு ஷீட்டு தாங்குமா? மூங்கில் சட்டத்தின் மேல் வேய்ந்த ஓடு தாங்குமா?

ஆக, மாடி வீட்டுக்காரருக்கு மானியம். அந்த மாடிக்கு செங்கல் சுமந்தவருக்குச் சூரியன் மட்டும்தான் மிச்சம், அதுவும் நடுமுதுகில்!

அச்சடித்த படலமோ துணி போல மெல்லியது. சுருட்டலாம், கையில் தூக்கிக்கொண்டு போகலாம். ஷீட்டுக் கூரையில் ஒட்டலாம். மீனவர் படகின் மேல் விரிக்கலாம். உலை வேண்டாம், நூறு டிகிரி அளவுச் சூட்டிலேயே காய வைக்கலாம். கனமான தகட்டைத் தாங்க முடியாத கூரைக்கென்றே அமைந்தது போன்ற தொழில்நுட்பம் இது. ஆகவேதான் இதை யார் கையில் வைத்துக்கொள்வது என்பது வயிற்றுப் பிரச்னை போன்ற பிரச்னை.

நாம் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டோம். சிலிக்கன் தகடு 25 ஆண்டு உழைக்கும். இந்தப் படலம் இன்னும் அவ்வளவு காலம் நிற்பதில்லை. ஈரமும் காற்றும் வெயிலுமே அதைச் சிதைக்கின்றன. கோவளம் கடற்காற்றில் அது எவ்வளவு நாள் தாங்கும் என்பதை இங்கேயே வைத்துச் சோதிக்க வேண்டும். ஆனால் முன்னேற்றம் கண்கூடு. 1986ல் கோடக் கம்பெனியின் விஞ்ஞானி டாங், இரண்டு கரிமப் படலங்களை அடுக்கிச் செய்த தகட்டின் விவரத்தை வெளியிட்டபோது, அதன் மேல் விழுந்த ஒளியில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் மின்சாரமானது. 2019ல் சீனத்தின் சாங்ஷா நகரில் உள்ள மத்திய தென் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகள் ஒரு புதிய வாங்கும் பொருளைக் கண்டுபிடித்து அதை 15 பங்குக்கு மேல் உயர்த்தினார்கள். அதற்குப் பின் ஆராய்ச்சிக்கூடத்துச் சிறு துண்டுகளில் அது 19 பங்கையும் தாண்டிவிட்டது. சிறு துண்டில் கண்டதை நீளச் சுருளில் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் காய்வதைக் கண்ணெதிரே பார்ப்பது!

கோனார்க்கா போன கதை

"தனியாரிடம் விடுங்கள், அவர்கள் சாமர்த்தியசாலிகள், சீக்கிரம் செய்து முடிப்பார்கள்" என்று சில மேதாவிகள் உபதேசம் செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு உண்மைக் கதை சொல்கிறோம்.

அமெரிக்காவில் லோவல் என்று ஒரு ஊர். பஞ்சாலை ஊர். 1834லும் 1836லும் கூலி வெட்டையும் விடுதிக் கட்டண உயர்வையும் எதிர்த்து அந்த ஆலைகளின் பெண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சரித்திரம் படைத்தார்கள். அதே லோவலில் 2001ல் கோனார்க்கா என்ற கம்பெனி பிறந்தது. பெயரைப் பாருங்கள்! நம் ஒரிசாவின் கோனார்க் சூரியன் கோயில்! கம்பெனிக்கு அடிப்படையான ஆராய்ச்சியில் லோவல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக இருந்து மறைந்த இந்தியர் சுகந்த் திரிபாதிக்குப் பங்கு உண்டு. மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கைக் கண்டதற்காக 2000ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஆலன் ஹீகர் அதன் ஸ்தாபகர்களில் ஒருவர்.

மூளை இருந்தது. பணமும் கொட்டியது. தனியார் மூலதனம் சுமார் 17 கோடி டாலர். அரசு மானியம் சுமார் 2 கோடி டாலர். பிரான்சின் எண்ணெய்க் கம்பெனி டோட்டலும் பங்கு வாங்கியது. 2008ல் நியூ பெட்போர்டு நகரில் ஒரு பழைய போட்டோ பிலிம் தொழிற்சாலையை எடுத்து, சூரியப் படலம் அச்சடிக்கும் தொழிற்சாலையாக்கினார்கள். அந்த நியூ பெட்போர்டும் பஞ்சாலை ஊர்தான். 1928ல் கூலி வெட்டை எதிர்த்து ஆயிரமாயிரம் ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த ஊர்!

முடிவு என்ன? 2012 ஜூனில் கோனார்க்கா திவால்! எண்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் தெருவில்! யந்திரங்கள் கடன்காரர்களுக்கு!

சூரியன் தோற்கவில்லை தோழர்களே. விஞ்ஞானமும் தோற்கவில்லை. லாபம் வரும்வரை பொறுக்க மாட்டேன் என்ற மூலதனம்தான் தோற்றது. பொதுப்பணம் போனது, தொழிலாளியின் வேலை போனது. மூலதனமோ அடுத்த சந்தைக்கு நடையைக் கட்டியது.

210 கோடிக்கு விற்கத் துணிந்தார்கள்!

நம் நாட்டுக் கதையைப் பார்ப்போம். இந்தியாவின் முதல் சூரிய மின்கலத்தை 1977ல் செய்தது யார்? டாட்டாவா? பிர்லாவா? இல்லை! டில்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் உள்ள சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம். 1978ல் முதல் தகட்டைச் செய்ததும் அதுவே. தனியார் முதலாளிகள் சூரியனைத் திரும்பிப் பார்க்காத காலத்தில் பொதுத்துறைத் தொழிலாளிதான் சூரியனைக் கம்பியில் இழுத்து வந்தான்.

அந்த நிறுவனத்தை மத்திய சர்க்கார் 2021 நவம்பரில் 210 கோடி ரூபாய்க்கு ஒரு நிதிக் கம்பெனிக்கு விற்க முடிவு செய்தது. நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட அறிவும் அனுபவமும் நிலமும் யந்திரமும் 210 கோடி! தொழிலாளர் சங்கம் நீதிமன்றம் சென்றது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2022ல் சர்க்கார் அந்த விற்பனையைக் கைவிட வேண்டியதாயிற்று. தொழிலாளர்கள் எழுந்து நிற்காவிட்டால் இந்தியாவின் முதல் சூரியத் தொழிற்சாலை வட்டிக்கடைக்காரர் பெட்டியில் போயிருக்கும்!

இப்போது அச்சடிக்கும் தகட்டின் ஆராய்ச்சியும் பொதுப்பணத்திலேயே நடக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் வளையும் மின்னணுப் பொருள்களுக்கென்றே ஒரு தேசிய மையம் உண்டு. டில்லியிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள சர்க்கார் ஆராய்ச்சிக்கூடங்கள் இந்தத் துறையில் உழைத்து வந்திருக்கின்றன. விதைத்தது பொதுஜனம். நீர் பாய்ச்சியது பொதுஜனம். அறுவடைக்கு மட்டும் மிராசுதார் களத்துக்கு வருவதா? குத்தகை விவசாயி இந்த நியாயத்தைத் தலைமுறை தலைமுறையாக எதிர்த்து வந்தவன். விஞ்ஞானத்திலும் எதிர்ப்பான்!

யாரைக் கவனிக்கிறார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மை காய்வதை நொடிக்கு நொடி கவனிக்கும் இதே காலத்தில், ஆலைகளிலும் கம்பெனிகளிலும் காமிரா எதைக் கவனிக்கிறது? தொழிலாளி எத்தனை நிமிஷம் கழிப்பறையில் இருந்தான், யார் யாரோடு நின்று பேசினான் என்பதை! விஞ்ஞானி படலத்தைக் கவனிப்பது அதைச் செழிப்பாக்க. முதலாளி தொழிலாளியைக் கவனிப்பது அவனைப் பிழிந்தெடுக்க.

இந்த மையைக் கரைக்கும் திரவங்கள் சாதாரணமானவை அல்ல. குளோரோபாரம், குளோரோபென்சீன் போன்றவை கல்லீரலுக்கும் நரம்புக்கும் கேடு செய்பவை. ஆராய்ச்சிக்கூடத்தில் நகமளவுத் துண்டுக்கு ஒரு துளி போதும். தொழிற்சாலையில் மைல் கணக்கில் அச்சடித்தால் அந்த ஆவி யார் மூக்கில் ஏறும்? பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நுரையீரலை இழந்த மில் தொழிலாளியிடம் இதைக் கேளுங்கள்!

காய்வதைக் கண்ணெதிரே பார்க்கும் வித்தைக்கு இங்கேயும் ஒரு பெரிய பயன் உண்டு. விஷம் குறைந்த வேறு திரவத்தில் மையைக் கரைத்தால், அது காயும் விதமே மாறிவிடும். எப்படி மாறுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் சூட்டையும் வேகத்தையும் திருத்தி, பாதுகாப்பான மையிலேயே நல்ல படலம் எடுக்க முடியும். விஞ்ஞானம் வழி காட்டுகிறது. ஆனால் விஷத் திரவம் மலிவாக இருந்தால் லாபவேட்டைக்காரன் அந்த வழியில் நடப்பானா? சட்டமும் சங்கமும் இல்லாமல் நடக்க மாட்டான். சங்கம் என்றால் அவர்களுக்கு எவ்வளவு கசப்பு என்பதை 2024ல் சுங்குவார்சத்திரம் கண்டது. சங்கம் வைக்கும் சாதாரண உரிமைக்காக சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது! யந்திரம் புதிது. முதலாளியின் குணம் பழையது.

நாம் கேட்பது

நாம் யந்திரத்தின் எதிரிகள் அல்ல. விஞ்ஞானத்தின் எதிரிகள் அல்ல. விஞ்ஞானத்தை லாபத்தின் தொழுவத்தில் கட்டிவைப்பதற்குத்தான் எதிரிகள். ஆகவே கேட்கிறோம்:

பொதுப்பணத்தில் கண்டறிந்த எந்த மையின் ரகசியமும், எந்த அச்சு முறையின் உரிமையும் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும். தனியார் பேட்டண்ட் பெட்டியில் அது பூட்டப்படக் கூடாது.

சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்களை விற்காதே! அவற்றை வளர்த்து, தமிழ்நாட்டிலும் ஒரு சூரியப் படலத் தொழிற்சாலை அமை! செங்கற்பட்டு ஜில்லாவில் படித்துவிட்டு வேலையில்லாமல் திரியும் பிள்ளைகளுக்கு அதில் நிரந்தர வேலை கொடு!

விஷத் திரவங்களுக்கு முதல் நாளிலிருந்தே கட்டுப்பாடு வை! காற்றைச் சோதிக்கும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி இருக்கட்டும்!

மாடி வீட்டோடு மானியம் நிற்கக் கூடாது. இந்தப் படலம் பயனுக்கு வரும் நாளில், அது முதலில் விவசாயத் தொழிலாளர் காலனிக்கும் மீனவர் குப்பத்துக்கும் கூட்டுறவு மூலம் போகட்டும்!

ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் இந்த விஞ்ஞானத்தைத் தமிழில் கற்றுக்கொடு!

படூர் டீக்கடையில் அன்று பேச்சு முடியும்போது அந்த வாலிபன் பெரியவரைக் கேட்டான்: "நீங்க இவ்வளவு கவனமா பாத்து விளைய வெச்ச உப்புக்கு என்ன கெடச்சுது தாத்தா?"

பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "கூலி கெடச்சுது. உப்பு லாரியில போச்சு. அத வித்தவன் வேற."

உப்பில் நடந்தது சூரியனில் நடக்கக் கூடாது! உப்பு விளைந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். மை இப்போதுதான் காய்ந்துகொண்டிருக்கிறது. எல்லாம் தீர்மானமாகும் நேரம் இதுதான். ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே, கண்ணை எடுக்காதீர்கள்! சங்கத்தில் பேசுங்கள், கிராமசபையில் கேளுங்கள், தீர்மானம் போடுங்கள்!

சூரியன் யார் வீட்டுச் சொத்தும் அல்ல. அதை அச்சடிக்கும் யந்திரமும் அப்படியே ஆகட்டும்!